கெடுவுக்குள் வந்த இரண்டு விமானங்கள்: துருக்கி–ஜப்பான் உறவில் ஒரு நிகழ்வு ஆய்வு

எதைப் பற்றி

1985 மார்ச் 19 அன்று தெஹ்ரான் விமான நிலையத்திலிருந்து துருக்கிய ஏர்லைன்ஸ் விமானங்கள் இரண்டு கிளம்பின. அவற்றில் 215 ஜப்பானியர் இருந்தார்கள். இரவு எட்டரை மணிக்கு மேல் ஈரான் வான்வெளியில் எந்த விமானம் தென்பட்டாலும் சுட்டு வீழ்த்துவோம் என்று இராக் கெடு வைத்திருந்தது. அந்த 215 பேரை அழைத்துப்போக அவர்களுடைய சொந்த நாட்டிலிருந்து ஒரு விமானமும் வரவில்லை.

இந்தச் சம்பவத்தை இரண்டு நாடுகளிலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். 95 வருஷத்துக்கு முன்பு ஒரு ஜப்பானியக் கிராமம் துருக்கிய மாலுமிகளைக் காப்பாற்றியது, அந்த நன்றிக்கடனைத் துருக்கி அடைத்தது என்பார்கள். பொய்யில்லை. ஆனால் நடுவில் இருக்கிற 95 வருஷம் அதில் காணாமல் போகிறது. அதற்குள் ஒப்பந்தமே இல்லாத முப்பத்து நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. இருவரும் எதிரெதிர் அணியில் நின்ற ஓர் உலகப் போர் இருக்கிறது. அடுத்த உலகப் போரில் துருக்கி ஜப்பான்மீது முறைப்படி போர் அறிவித்ததும் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே ஒரு ஞாபகம் எப்படித் தப்பிப் பிழைத்தது, தேவைப்பட்ட இரண்டு நாளில் அது எப்படி இரண்டு விமானங்களாக வந்து நின்றது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நாடாண்டவர்களைத் தவிர மற்றவர்களைப் பெயர் சொல்லாமல், அவரவர் பொறுப்பை வைத்தே குறிப்பிடுகிறேன்.

பின்னணி: பழைய கப்பல், நீண்ட பயணம்

1887-இல் ஜப்பானிய இளவரசர் கொமாட்சு இஸ்தான்புல்லுக்கு வந்து, அன்றைய துருக்கியான உஸ்மானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதைச் சந்தித்தார். அப்புறம் மெய்ஜி பேரரசரிடமிருந்து சுல்தானுக்கு விருதும் வந்தது. வாங்கிய மரியாதையைத் திருப்பிச் செய்ய வேண்டும் அல்லவா? அதற்காக அனுப்பப்பட்ட கப்பல்தான் எர்துருல்.

திருப்பி மரியாதை செய்வது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இன்னொரு கணக்கு இருந்தது. அப்துல் ஹமீது சுல்தான் மட்டுமல்ல, முஸ்லிம்களின் தலைவர் என்ற பொருளில் கலீபாவும்கூட. பிரிட்டனுக்கும் டச்சுக்காரர்களுக்கும் கீழே இருந்த ஆசிய முஸ்லிம்களின் கண்ணில் கலீபாவின் கொடி படவேண்டும் என்று விரும்பினார். எர்துருல் ஏடன், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர் என்று நின்று நின்று போனது அதனால்தான். பம்பாயில் கப்பலைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது.

கப்பல் அந்த வேலைக்கு ஏற்றதா என்றால், இல்லை. 1863-இல் இஸ்தான்புல்லில் வெள்ளோட்டம் விட்ட மரக்கப்பல் அது. பாயிலும் ஓடும், நீராவியிலும் ஓடும். அப்துல் ஹமீது காலத்தில் உஸ்மானியக் கடற்படையின் பெரும்பகுதி பல வருஷம் இஸ்தான்புல்லின் பொற்கொம்புக் கழிமுகத்தில் நங்கூரமிட்டே கிடந்தது. அப்படிக் கிடந்த ஒரு கப்பலை உலகத்தின் மறுகோடிக்கு அனுப்பினார்கள். கடற்படைக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த இளைஞர்களையும் பயிற்சிக்கு என்று அதில் ஏற்றினார்கள்.

1889 ஜூலை 14-இல் புறப்பட்டது. சூயஸைத் தாண்டும் முன்பே தரைதட்டிப் பழுதாகி, அங்கேயே நாள்கணக்கில் நின்றது. சிங்கப்பூரில் மாதக்கணக்கில் தங்கியது. யோகஹாமாவை எட்டியபோது 1890 ஜூன் 7 ஆகிவிட்டது, ஏறத்தாழ பதினோரு மாதம். தளபதி மெய்ஜி பேரரசரைச் சந்தித்து விருதையும் பரிசுகளையும் ஒப்படைத்தார். அத்தோடு வந்த வேலை முடிந்தது.

ஆனால் உடனே திரும்ப முடியவில்லை. கப்பலில் காலரா பரவிச் சிலர் இறந்தார்கள். கப்பலைத் தனிமைப்படுத்த வேண்டியிருந்தது. அதற்குள் புயல் காலம் வந்துவிட்டது. பழுது பார்த்துவிட்டுப் பிறகு போகலாம் என்று ஜப்பானியத் தரப்பு சொல்லியும் தளபதி கேட்கவில்லை. செப்டம்பர் 15 அன்று யோகஹாமாவிலிருந்து கிளம்பிவிட்டார்.

இந்த முடிவை எளிதாகக் குறை சொல்லிவிடலாம். அவர் இடத்திலிருந்து பார்த்தால் கொஞ்சம் புரியும். கையில் பணம் குறைவு, ஊரிலிருந்து திரும்பச் சொல்லி உத்தரவு. பேரரசின் கௌரவத்தைக் காட்ட வந்த கப்பல் அயல்நாட்டுத் துறைமுகத்தில் பழுதாகி நிற்பதும் அவமானம். கௌரவத்துக்காக அனுப்பிய கப்பலைக் கௌரவமே காத்திருக்க விடாமல் செய்தது.

1890 செப்டம்பர் 16, இரவு

ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷூவின் தென்முனையில், வகயாமா பகுதியை ஒட்டி, ஓஷிமா என்று ஒரு சின்னத் தீவு. இன்று குஷிமோட்டோ நகராட்சியோடு சேர்ந்தது. 1999-இல் பாலம் வந்தது, அதற்கு முன் படகுதான். தீவின் கிழக்கு ஓரத்தில் கஷினோ என்ற மீனவக் கிராமம். அங்கே செங்குத்தான பாறை விளிம்பில் 1870-இல் கட்டிய கல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. ஐரோப்பியக் கப்பல்களுக்காக ஒரு பிரிட்டிஷ் பொறியாளர் கட்டிக்கொடுத்தது.

அன்றிரவு புயலில் எர்துருல் அந்த முனைக்குக் கீழே உள்ள பாறைத்திட்டில் மோதியது. தண்ணீர் புகுந்து கொதிகலன் வெடித்துக் கப்பல் பிளந்தது. தளபதியோடு சேர்த்து ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 69 பேர்.

அலையில் ஒதுங்கியவர்களில் சிலர், மேலே சுழலும் விளக்கைப் பார்த்துப் பாறையைப் பிடித்து ஏறினார்கள். கலங்கரை விளக்கக் காவலர்கள் கதவைத் திறந்தால், துணி கிழிந்து, ரத்தம் வழிய, புரியாத மொழியில் பேசும் அந்நியர்கள். காவலர்களுக்குத் துருக்கி மொழி தெரியாது, வந்தவர்களுக்கு ஜப்பானிய மொழி தெரியாது. காவலர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கப்பல்களுக்குச் சமிக்ஞை கொடுக்க வைத்திருந்த சர்வதேசக் கொடிப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினார்கள். மாலுமிகள் ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்கள்: சிவப்புத் துணி, வெள்ளைப் பிறை, நட்சத்திரம். எந்த ஊர்க்காரர்கள் என்பது அப்படித்தான் தெரிந்தது.

இரண்டு அரசுகளும் பதினோரு மாதக் கடல்பயணத்தில் சாதிக்க நினைத்த அறிமுகத்தை ஒரு கொடிப் புத்தகம் சில நிமிஷத்தில் செய்துவைத்தது.

கிராமத்துக்குச் செய்தி போனதும் ஆண்கள் பாறைக்கு இறங்கினார்கள். நடக்க முடியாதவர்களை முதுகில் கட்டித் தூக்கி வந்தார்கள். குளிரில் விறைத்துப்போனவர்களைத் தங்கள் உடம்போடு அணைத்துச் சூடேற்றினார்கள். வீட்டிலிருந்த பருத்தி அங்கிகளைக் கொடுத்தார்கள். கிழங்கு, முட்டை, கடைசியில் அவசரத்துக்கென்று வளர்த்த கோழிகளையும் அடித்துப் போட்டார்கள். கடலை நம்பியிருந்த ஏழை ஊர் அது. கரை ஒதுங்கிய சடலங்களைத் தேடி எடுத்து, கப்பல் உடைந்த இடத்தைப் பார்த்த மாதிரி மேட்டில் புதைத்தார்கள்.

அடுத்த சில மாதங்களில் எடுத்த முடிவுகள்

செய்தி முதலில் கோபேக்கும் பிறகு தோக்கியோவுக்கும் போனது. பிழைத்தவர்களை ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் கோபேக்குக் கொண்டுபோனது. அங்கே செஞ்சிலுவைச் சங்கம் பார்த்துக்கொண்டது. அக்டோபரில் ஜப்பானியக் கடற்படையின் ஹியெய், கொங்கோ என்ற இரண்டு கப்பல்கள் 69 பேரையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, 1891 ஜனவரி 2 அன்று இஸ்தான்புல்லை அடைந்தன.

ஆட்களைத் திருப்பி அனுப்ப வேறு சுலபமான வழி இருந்தது. அந்தப் பக்கம் போகும் ஏதாவது பயணிகள் கப்பலில் சீட்டு வாங்கி அனுப்பியிருக்கலாம். போர்க்கப்பலிலேயே அனுப்ப வேண்டும் என்று தோக்கியோ முடிவெடுத்ததில் இரக்கமும் உண்டு, கணக்கும் உண்டு. தன் கடற்படை இவ்வளவு தூரம் போய்வரும் என்று உலகத்துக்குக் காட்ட ஜப்பானுக்கும் அது வாய்ப்பு. இதைச் சொல்வதால் அந்தச் செயல் சிறுத்துவிடாது. அரசுகள் பெரும்பாலும் இரண்டு காரணங்களையும் சேர்த்துக்கொண்டுதான் நகரும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது மருத்துவர்களின் முடிவு. காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்த உள்ளூர் மருத்துவர்களிடம் மருந்துச் செலவுக் கணக்கைக் கேட்டார்கள், உஸ்மானிய அரசு அதைக் கொடுத்துவிடும் என்று. பணம் வாங்கும் எண்ணத்தில் சிகிச்சை செய்யவில்லை, அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்டவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்ற பொருளில் அவர்கள் பதில் எழுதினார்கள். அந்தக் கடிதம் குஷிமோட்டோவில் ஒரு கோயிலில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

பத்திரிகைகள் நிதி திரட்டின. தேநீர்ச் சடங்கு மரபு ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் ஊர் ஊராகப் பேசிப் பணம் சேர்த்து 1892-இல் இஸ்தான்புல்லுக்கே கொண்டுபோனார். தன் குடும்பத்து வாளையும் கவசத்தையும் சுல்தானுக்குக் கொடுத்தார். அவை இன்று தோப்காபி அரண்மனையில் இருக்கின்றன. போனவர் உடனே திரும்பவில்லை, ஏறக்குறைய இருபது வருஷம் இஸ்தான்புல்லில் கடை நடத்தினார். ஜப்பானுக்கு அங்கே தூதரகமே இல்லாத காலம். வருகிற ஜப்பானியர் எல்லாரும் முதலில் போய்க் கதவைத் தட்டுகிற இடம் அந்தக் கடைதான்.

கையெழுத்தாகாத ஒப்பந்தம்

இவ்வளவு நடந்தபின் அடுத்து ஒப்பந்தம்தானே என்று தோன்றும். பேச்சும் நடந்தது. ஆனால் கையெழுத்தாகவில்லை. நன்றிக்கதை சொல்கிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகிற இடம் இது.

உஸ்மானியப் பேரரசில் ஐரோப்பிய வல்லரசுகளுக்குச் சிறப்புச் சலுகைகள் இருந்தன. அவர்களுடைய குடிமக்கள் தப்புச் செய்தால் உள்ளூர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது, அவர்கள் நாட்டுத் தூதரே விசாரிப்பார். தனக்கும் அதே சலுகை வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. ஏற்கெனவே கொடுத்த சலுகைகளையே எப்படித் திரும்பப் பெறுவது என்று திணறிக்கொண்டிருந்த இஸ்தான்புல், புதிதாக ஒருவருக்குக் கொடுக்க மறுத்தது.

வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டுகளில் ஜப்பானே இதே மாதிரியான ஒருதலைப்பட்ச ஒப்பந்தங்களில் சிக்கி, அவற்றை உடைக்கப் போராடிக்கொண்டிருந்தது. அயல்நாட்டவருக்குத் தன் மண்ணில் இருந்த அந்த நீதிமன்றச் சலுகை 1899-இல்தான் முடிவுக்கு வந்தது. தன் தலையில் இருந்த சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றப் பார்த்தது என்றே சொல்ல வேண்டும். மேற்கத்திய நாடுகளுக்குச் சமமாக நிற்க அதுதான் வழி என்று அன்றைய தோக்கியோ நம்பியது.

முதல் உலகப் போரில் இருவரும் எதிரெதிர் அணி. உஸ்மானியப் பேரரசு சரிந்து, 1923-இல் லொசான் உடன்படிக்கையோடு அந்தச் சலுகைகளும் ஒழிந்தபின், 1924-இல்தான் புதிய துருக்கிக் குடியரசுக்கும் ஜப்பானுக்கும் முறையான தூதரக உறவு ஏற்பட்டது. எர்துருல் மூழ்கி முப்பத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. 1945 பிப்ரவரியில் துருக்கி ஜெர்மனிமீதும் ஜப்பான்மீதும் போர் அறிவித்தது. ஐ.நா. உருவாக்க மாநாட்டுக்கு அழைப்பு வேண்டுமானால் போர் அறிவித்திருக்க வேண்டும் என்பது அப்போதைய நிபந்தனை. சண்டை ஏதும் நடக்கவில்லை, ஆனால் அறிவிப்பு அறிவிப்புதான். உறவு மறுபடி தொடங்க 1952 ஆனது.

ஞாபகத்தைக் கூட்டித் துடைத்தவர்கள்

மேலே அரசுகள் சேர்வதும் பிரிவதுமாக இருந்தபோது, கீழே கஷினோவில் கல்லறைத் தோட்டம் அப்படியே இருந்தது. 1891-இலேயே அங்கே நினைவுக்கல் நட்டார்கள். 1929-இல் ஷோவா பேரரசர் அந்த இடத்துக்கு வந்தார். அது துருக்கியின் புதிய தலைநகரான அங்காராவின் கவனத்தையும் இழுத்தது. 1937-இல் துருக்கி தன் செலவில் இன்றிருக்கும் உயரமான நினைவுச்சின்னத்தைக் கட்டியது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை இரு நாட்டுப் பிரதிநிதிகளும் வந்து அஞ்சலி செலுத்துவது வழக்கமானது. உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே புல் பிடுங்கி, கூட்டி, கல்லைத் துடைப்பதும் ஊர் வழக்கமாக ஒட்டிக்கொண்டது. 1974-இல் பக்கத்திலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம் வந்தது. துருக்கியின் மெர்சின் நகரமும் குஷிமோட்டோவும் சகோதர நகரங்களாயின.

இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு தூதரகத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் தோக்கியோவுக்கு மாற்றலாகி வரும் ஒவ்வொரு துருக்கியத் தூதரும் ஒருமுறையாவது அந்தப் பாறை விளிம்பில் வந்து நிற்க வேண்டியிருந்தது. என் கணிப்பில் இந்த ஆய்வின் முதுகெலும்பே இதுதான். ஒரு நாட்டின் வெளியுறவு அதிகாரிகளிடம் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை கைமாறிக்கொண்டே இருந்தது.

தெஹ்ரான், 48 மணி நேரம்

இராக்–ஈரான் போர் 1980-இல் தொடங்கியது. 1985 மார்ச்சில் அது ஊர்களின்மீது திரும்பியது, இரு பக்கமும் நகரங்களில் குண்டு விழுந்தது. மார்ச் 17 அன்று சதாம் ஹுசைன் அரசு அந்த அறிவிப்பை வெளியிட்டது: தெஹ்ரான் நேரப்படி 19-ஆம் தேதி இரவு 8.30-க்குப் பிறகு ஈரான் வான்வெளியில் பறக்கும் எந்த விமானமும் இலக்காகும். பயணிகள் விமானத்துக்கும் விலக்கு கிடையாது.

தெஹ்ரானில் வேலை பார்த்த ஜப்பானிய நிறுவன ஊழியர்களும் அவர்களின் குடும்பங்களும் விமான நிலையத்துக்கு ஓடினார்கள். ஐரோப்பிய விமான நிறுவனங்கள் இருக்கிற இடத்தை முதலில் தங்கள் நாட்டவருக்குக் கொடுத்தன. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. கையில் டிக்கெட் இருந்தும் சிலரால் ஏற முடியவில்லை. ஜப்பானிய நிறுவனம் எதுவும் அப்போது தெஹ்ரானுக்கு வழக்கமான சேவை நடத்தவில்லை.

தூதரகம் தோக்கியோவிடம் தனி விமானம் கேட்டது. அங்கே இரண்டு கதவுகள் இருந்தன, இரண்டும் மூடியிருந்தன. ஒன்று, நாட்டின் பெரிய விமான நிறுவனம். ஈரான், இராக் இரண்டும் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தந்தால்தான் விமானம் போகும் என்றது. அந்த இரண்டு நாளுக்குள் இருவரிடமும் உத்தரவாதம் வாங்குவது நடக்கிற காரியமில்லை. இன்னொன்று, ஜப்பானின் ராணுவமான தற்காப்புப் படையின் விமானம். அயல்நாட்டில் சிக்கிய குடிமக்களை ஏற்றிவர அன்றைய தற்காப்புப் படைச் சட்டத்தில் இடமே இல்லை. ஆக, எல்லாரும் விதிப்படி சரியாக நடந்துகொண்டார்கள், 215 பேர் ஓடுபாதைக்கு வெளியே நின்றார்கள்.

அதற்கப்புறம் நடந்தது முறையான வழியில் நடந்ததல்ல. தெஹ்ரானில் ஜப்பானியத் தூதரும் துருக்கியத் தூதரும் நெருங்கிப் பழகியவர்கள். ஜப்பானியத் தூதர் நேராக அவரிடம் போய் உதவி கேட்டார். அவர் அங்காராவுக்குத் தகவல் அனுப்பினார். அதே சமயம் இஸ்தான்புல்லில் ஒரு ஜப்பானிய வர்த்தக நிறுவனத்தின் அலுவலக மேலாளருக்குத் தலைமையகத்திலிருந்து செய்தி வந்தது. அவருக்குத் துருக்கிப் பிரதமர் துர்குத் ஓசலோடு, அவர் பிரதமராகும் முன்பிருந்தே, பழக்கம். நேரே அவருக்குப் போன் போட்டார். எந்தக் கதவு முதலில் திறந்தது என்று இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: கேட்டவர்கள் யாரும் வரிசையில் நின்று மனு கொடுக்கவில்லை, தெரிந்தவரிடம் கேட்டார்கள்.

ஓசல் விமானம் அனுப்பச் சொன்னார். துருக்கிய ஏர்லைன்ஸில் யார் போகிறீர்கள் என்று கேட்டபோது விமானிகளும் பணிப்பெண்களும் தாமாகவே முன்வந்தார்கள். போகிற இடம் போர்க்களத்தின் வான்வெளி. இரண்டு நாள் கெடுவில் கடைசி நாளே மிச்சம்.

மார்ச் 19 அன்று முதல் விமானத்தில் 198 ஜப்பானியரும் இரண்டாவதில் மீதி 17 பேரும் கிளம்பினார்கள். எல்லையைத் தாண்டியதும் விமானி ஒலிபெருக்கியில் துருக்கிக்கு நல்வரவு என்றார். பயணிகள் கை தட்டினார்கள், பலர் அழுதார்கள்.

தெஹ்ரானில் அப்போது துருக்கியர்களும் இருந்தார்கள், ஐந்நூறு பேருக்கு மேல். விமானத்தில் இடம் ஜப்பானியருக்குப் போனதால் அவர்களில் பெரும்பாலோர் கார்களில் தரைவழியாக எல்லைக்குப் போனார்கள். மலைப்பாதை, மார்ச் மாதக் குளிர், பெரிய தூரம்.

ஏன் துருக்கியால் முடிந்தது

நன்றி ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்றால் எனக்கு ஒப்பவில்லை.

துருக்கி அந்தப் போரில் நடுநிலை. ஈரானோடும் வியாபாரம், இராக்கோடும் வியாபாரம். வளைகுடா வழியாக எண்ணெய் ஏற்றுமதி செய்ய முடியாமல், 1982-இல் சிரியாவும் தன் குழாயை மூடிவிட்ட பிறகு, இராக் எண்ணெய்க்குப் பெரிய வடிகால் கிர்குக்கிலிருந்து துருக்கியின் மத்தியதரைக் கரைக்கு வரும் குழாய்தான். துருக்கிய விமானத்தைச் சுட்டு அங்காராவைப் பகைத்துக்கொள்ள பாக்தாத் எளிதில் துணியாது. இதை விமானிகள் நினைத்தார்களோ இல்லையோ, அங்காராவில் யாராவது நினைத்திருப்பார்கள். தெஹ்ரானுக்குப் பக்கத்து நாடு என்பதும் சாதாரண விஷயமல்ல. சில மணி நேரத்தில் போய்த் திரும்பலாம்.

அந்த நாட்களில் ஜப்பானியப் பத்திரிகைகளில் பொருளாதார உதவியை எதிர்பார்த்துத்தான் துருக்கி இதைச் செய்ததோ என்ற ஐயமும் வந்தது. இஸ்தான்புல்லில் 1988-இல் திறந்த இரண்டாவது பாஸ்பரஸ் பாலத்தைக் கட்டியதில் ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பங்கு உண்டு, ஆகவே ஐயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை. துருக்கியின் முன்னாள் தூதர் ஒருவர், எர்துருலுக்குச் செய்ததை நாங்கள் மறக்கவில்லை என்று பதில் சொன்னார். பல ஜப்பானியர்களுக்கு அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எர்துருல் என்று ஒன்று இருந்ததே தெரியவந்தது. கொடுத்தவர் மறந்துவிட்டார், வாங்கியவர் நினைவில் வைத்திருந்தார்.

இரண்டு விளக்கங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நடுநிலையும் எண்ணெய்க் குழாயும் இருந்ததால் துருக்கியால் உதவ முடிந்தது. உதவ முடிகிற நிலையில் இருந்த வேறு நாடுகளும் அன்று இல்லாமலில்லை. ஆனால் துருக்கியின் பிரதமர் மட்டும் தன் மக்களுக்கான இருக்கையை விட்டுக்கொடுக்க ஏன் முன்வந்தார் என்பதற்கு எண்ணெய்க் குழாயால் பதில் சொல்ல முடியாது. அந்த இடத்துக்குக் கஷினோ தேவைப்படுகிறது.

பின்விளைவு

1999 ஆகஸ்டில் வடமேற்குத் துருக்கியில் நிலநடுக்கம் வந்தபோது, தெஹ்ரானிலிருந்து தப்பியவர்களும் அவர்களுடைய நிறுவனங்களும் பணம் திரட்டி அனுப்பினார்கள். 2006-இல் துருக்கிக்குப் போன ஜப்பானியப் பிரதமர் கொய்சுமி அந்த விமானக் குழுவினரைச் சந்தித்தார். 2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது துருக்கிய மீட்புக்குழு வந்து ஏறத்தாழ மூன்று வாரம் தங்கியது. வந்த அயல்நாட்டுக் குழுக்களில் அதுவே மிக நீண்ட காலம் இருந்தது. அதே ஆண்டு கடைசியில் கிழக்குத் துருக்கியில் வான் (Van) என்ற மாகாணத்தில் நிலநடுக்கம். உதவப் போன ஜப்பானிய நிவாரணப் பணியாளர் ஒருவர் தங்கியிருந்த ஓட்டல் பின்னதிர்வில் இடிந்து இறந்தார். துருக்கியில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

2007 முதல் துருக்கிய, ஜப்பானிய முக்குளிப்பாளர்கள் கஷினோ பாறையடியில் எர்துருலின் மிச்சங்களை எடுத்துவருகிறார்கள். ஆயிரக்கணக்கான பொருட்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பெரிய செம்புச் சமையல் கொப்பரை. கடலில் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்து நசுங்கியதைத் துடைத்துச் சீராக்கி வைத்திருக்கிறார்கள். காலராவுக்கும் புயலுக்கும் முன்னால் அந்தக் கொப்பரையில் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சோறு வெந்திருக்கும்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

ஜப்பான் தன் பக்கத்து ஓட்டையை அடைக்கப் பார்த்தது. 1980-களின் கடைசியில் அரசுக்கென்று இரண்டு பெரிய போயிங் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 1994-இல் தற்காப்புப் படைச் சட்டத்தைத் திருத்தி, அயல்நாட்டில் சிக்கிய குடிமக்களை விமானத்தில் ஏற்றிவர வழி செய்தார்கள். ஆனால் பாதுகாப்பு உறுதியாக இருந்தால்தான் போகலாம் என்ற நிபந்தனை கூடவே ஒட்டிக்கொண்டது. பாதுகாப்பு உறுதியாக இருந்தால் யாரும் படை விமானத்தைக் கூப்பிட மாட்டார்கள் என்பது சட்டம் எழுதியவர்களுக்கு உறைக்கவில்லை போலும். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது ஜப்பானியப் படை விமானங்கள் போயின. ஏற்றிவந்த ஜப்பானியர் ஒரே ஒருவர். 2022-இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றை இங்கே வைத்துப் பார்க்கலாம். 1990-இல் குவைத்தில் சிக்கிய இந்தியர்கள், அவர்களில் நம்மவர்களும் ஏராளம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜோர்டான் தலைநகர் அம்மான் வழியாக ஏர் இந்தியாவில் ஊர் திரும்பினார்கள். அப்போது விமான நிறுவனம் அரசின் கையில் இருந்தது, போ என்றால் போகும். 1985-இல் துருக்கிக்கும் அந்த வசதி இருந்தது. நெருக்கடியில் யார் உத்தரவு போடலாம், யார் மறுக்கலாம் என்பதை முன்கூட்டியே தீர்த்துவைக்காத நாட்டுக்குத் தெரிந்தவரின் போன் நம்பர்தான் கடைசி நம்பிக்கை. அந்த நம்பர் எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. தூதர்கள் மாற்றலாகிப் போவார்கள், மேலாளர்கள் ஓய்வு பெறுவார்கள்.

உஸ்மானியப் பக்கத்தில் மாற்றியிருக்க வேண்டியது இன்னும் எளிது: அந்தக் கப்பலை அனுப்பியிருக்கக் கூடாது. அனுப்பினாலும் செப்டம்பரில் கிளம்பியிருக்கக் கூடாது. ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் சாவை, பின்னால் வந்த நட்பு அழகாக இருக்கிறது என்பதற்காக, ஒரு நல்ல கதையின் முதல் அத்தியாயமாக மட்டும் வாசிக்க எனக்கு மனம் வரவில்லை. விழாக்களில் பேசுகிறவர்கள் பலருக்கு வந்துவிடுகிறது.

இந்த ஆய்வில் நானே ஒன்றைச் சரியாகச் செய்யவில்லை. 1985 பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் விமானத்தில் ஏறியவர்கள் சொன்னது, ஓட்டியவர்கள் சொன்னது, போன் செய்தவர்கள் சொன்னது. தங்கள் விமானத்தில் வேறு நாட்டுக்காரர்கள் ஏறிப் போக, பிள்ளைகுட்டிகளோடு காரில் எல்லைக்குப் போன துருக்கியர்களை நானும் மற்றவர்கள் மாதிரி நான்கே வரியில் தாண்டி வந்துவிட்டேன். அந்த முடிவு அவர்களுக்கு எப்போது தெரிந்தது, யார் சொன்னார்கள், யாராவது முணுமுணுத்தார்களா? இதை மறுபடி எழுத வாய்த்தால், மலைப்பாதையில் போன அந்தக் கார்களிலிருந்துதான் தொடங்குவேன்.